பாலத்துக்குத் தானாக வந்த படகு

தெர்வோல்ட், ஃப்ரீஸ்லாந்து
1993 ஏப்ரல் 18

என் தங்கை பெற்ற தவப்புதல்வன், கெட்டரிங் நகரக் கம்பளச் சக்கரவர்த்தி டெஸ்மண்டுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ எப்படி இருப்பாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இப்போது எழுதப்போவதை உலகத்தில் ஒருத்தனும் நம்பமாட்டான். நீயும் நம்பாதே. நம்பினால் உன் புத்தியைப் பற்றி நான் ஐம்பது வருஷமாக வைத்திருக்கும் அபிப்பிராயம் ஊர்ஜிதமாகிவிடும். இருந்தாலும் நெஞ்சில் கைவைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன்.

போன செப்டம்பரில் ஒருநாள் நான் வீட்டில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தை பெயரை வைத்திருக்கிறேனே, அந்த நின்கே, அந்தப் படகு காத்துக் காத்து அலுத்துப்போய்த் தன் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு கால்வாயில் கிளம்பிவிட்டது. சுக்கானில் ஆள் இல்லை. எதிரே வந்த இரண்டு ஜெர்மன் படகுகளுக்கு ஒதுங்கி வழிவிட்டது. ஜெர்மன்காரர்களுக்கு வழிவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாலக்காரன் வீப்ரனின் பாலத்துக்கு முன்னால் போய் நின்று ஹாரன் அடித்தது. வீப்ரன் பாலத்தைத் தூக்கினான். இங்கே பாலக்காரர்கள் தூண்டில் கழியில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் சுங்கம் வாங்குவார்கள், அவனும் இறக்கினான். நின்கே காசைப் போட்டுவிட்டு மிச்சச் சில்லறைக்காகக் காத்து நின்றது. அவன் தரவில்லை. அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்படிப்பட்ட அறிவுள்ள படகை வைத்திருப்பவனிடம், நீ வாங்கப்போகும் முதல் படகென்று ஒரு படத்தை அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். முழுக்கப் பிளாஸ்டிக். இந்த ஊரில் அதைத் தயிர்க்கிண்ணம் என்பார்கள். அதில் ஏறிப் போனால் கரையில் நிற்கும் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உன் பொறுமையிழந்த மாமா,
அம்புரோஸ்

•

கெட்டரிங், இங்கிலாந்து
1993 மே 2

அன்பு மாமாவுக்கு,

நானும் ரோசலிண்டும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

படகு தானாகப் போன கதையைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினேன். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ரோசலிண்ட் சிரிக்கவில்லை. அவள் எதற்குத்தான் சிரித்தாள்.

மாமா, இது எனக்கு விளையாட்டு இல்லை. கம்பளக் கடையை மார்ச்சில் விற்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டே கழிந்தது. மிச்சக் காலத்தில் உங்கள் கால்வாய்களில் நிமிர்ந்து நின்று போகவேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ரோசலிண்ட் கெடு வைத்திருக்கிறாள். அக்டோபர் முடிவதற்குள் நல்ல படகு அமைந்தால் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தில் போர்ன்மவுத்தில் அவள் அக்கா ஆட்ரி வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஆட்ரியை உங்களுக்குத் தெரியும்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டேன். இத்துடன் 'அட்மிரால்' என்ற இரும்புப் படகின் படம். குளியலறையில் நிமிர்ந்து நிற்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறதாம். ஒருதடவை பார்த்துவிட்டு எழுதுவீர்களா?

உங்கள் கருணையை நம்பியிருக்கும்,
டெஸ்மண்ட்

•

தெர்வோல்ட்
1993 மே 20

கம்பளங்களின் காவலனே,

என் முழங்கால் உன் தயவில்லாமலே நன்றாக இருக்கிறது. ஆட்ரியை எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் அவள் பேச ஆரம்பித்தபோது வைத்த ஐஸ்கிரீம், அவள் முடித்தபோது ஆவியாகிவிட்டிருந்தது. உன்மீது எனக்கு முதன்முறையாக இரக்கம் பிறந்திருக்கிறது.

நின்கேயில் ஏறி, அலைகளைக் கிழித்துக்கொண்டு போய், அட்மிராலை நேரில் பார்த்தேன். அது படகே இல்லை, மூன்று மாடி ஓட்டல். கூரை முழுக்கச் சொறிபிடித்த மாதிரி துரு. மேலே கம்பம், கம்பத்துக்கு மேலே விளக்கு, விளக்குக்கு மேலே ஒரு பித்தளைக் கோழி. இந்த ஜில்லாவில் தூக்காத பாலங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நீ குளியலறையில் நிமிர்ந்து நிற்பதற்காக, அவற்றில் ஒன்றின் அடியில்கூடப் போக முடியாத படகை வாங்கி, இரண்டு பாலங்களுக்கு நடுவிலேயே ஆயுள் முழுக்க முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருப்பாய். பிள்ளைகள் வந்து ரொட்டி எறிவார்கள்.

குளிக்கும்போது குனிந்து பழகு.

அம்புரோஸ்

•

கெட்டரிங்
1993 ஜூன் 12

அன்பு மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் தூக்கம் குறைவு.

அட்மிராலும் போகட்டும். இப்போது உண்மையிலேயே ஒன்று கிடைத்திருக்கிறது. பெயர் 'ஸீஸிக்ட்'. கடற்காட்சி என்று அர்த்தமாம். தரகர் ஒக்கிங்கா பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறார். தாழ்வானது, இரும்பு. உள்ளே தரை முழுக்கக் கம்பளம் போட்டிருக்கிறார்கள். மாமா, அதைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். ஓரங்களில் ஒரு சுருக்கம் கிடையாது. படிக்கட்டின் வளைவில் வெட்டியிருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. தரைக்கே இவ்வளவு செய்பவன் எஞ்சினை எப்படி வைத்திருப்பான்.

இன்னொன்று கேட்கலாமா? அட்மிராலைப் பற்றி நீங்கள் எழுதியதில் கூரை, கம்பம், கோழி எல்லாம் இருந்தன. உள்ளே எப்படி, எஞ்சின் எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. ரோசலிண்ட் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “உங்க மாமா என்ன பறவையா?” என்று கேட்டாள்.

ஸீஸிக்டின் உள்ளே போய்ப் பார்த்து எழுதுங்கள்.

டெஸ்மண்ட்

•

தெர்வோல்ட்
1993 ஜூலை 25

டெஸ்மண்டுக்கு,

பதில் தாமதம். மழை. இங்கே பெய்த மழையில் மீன்கள் கரையேறிக் குடை கேட்டன. மற்றபடி நான் சுகம், நீயும் சுகமாகவே இருந்துகொள்.

ஸீஸிக்டின் உள்ளே போவதற்கு எனக்கு நேரமில்லை. என் மதிப்பு வாய்ந்த நேரத்தை நான் ஒக்கிங்கா போன்றவர்களுக்கு ஒதுக்குவதில்லை. அந்த மனிதன் கைகுலுக்கினால் வீட்டுக்கு வந்து விரல்களை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தப் படகு பிறந்த நாளிலிருந்து கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. கடற்காட்சியாம்.

முப்பத்தொரு வருஷம் கம்பளம் விற்றவனே, ஒரு கேள்வி. உன் கடைக்கு வந்தவர்கள் எதற்காகக் கம்பளம் வாங்கினார்கள்? அழகுக்காகவா? பாதிப்பேர் கீழே இருந்த தரையை மறைக்கத்தானே வாங்கினார்கள்? கம்பளத்தைத் தூக்கிப் பார். அவ்வளவுதான் என் உபதேசம். இதற்குமேல் சொன்னால் உன் தலை தாங்காது.

பறவை என்று கேட்டவளுக்கு என் வணக்கத்தைச் சொல். இறக்கை முளைத்தால் எழுதுகிறேன் என்றும் சொல்.

அம்புரோஸ்

•

கெட்டரிங்
1993 ஆகஸ்ட் 22

அன்பு மாமாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கப்பலில் வாந்தி எடுத்ததைத் தவிர வேறு குறையில்லை.

திடீரென்று உங்கள் வாசலில் வந்து நின்றதற்கு மன்னியுங்கள். காபி நன்றாக இருந்தது. டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்துவிட்டு மூடியை அழுத்தி மூடினீர்கள் பாருங்கள், அப்போதுதான் நீங்கள் முழு ஃப்ரீஸ்லாந்துக்காரர் ஆகிவிட்டீர்கள் என்று புரிந்தது.

அன்று மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை அங்கே நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒக்கிங்கா என்னை ஸீஸிக்டில் வெள்ளோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நான்தான் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தேன். வீப்ரனின் பாலம் வந்தது. மேலே அவருடைய குடிசைக்குப் பக்கத்தில் தக்காளித் தொட்டிகள், ஒரு சாய்வு நாற்காலி, அதில் போர்வை, பைனாகுலர். நாங்கள் நெருங்கியதும் நாற்காலியில் இருந்த ஆள் தொட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு பழுப்புநிறச் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

மரச்செருப்பு இறங்கியது. காசைப் போட்டேன்.

“நீங்கதான் கம்பளக்காரரா?” என்று மேலிருந்து வீப்ரன் கேட்டார்.

“எப்படித் தெரியும்?”

“சக்கரத்தப் பிடிச்சிருக்கிற விதம். சந்தையில வாங்கின மாட்ட இழுத்துட்டுப் போற மாதிரி பிடிப்பார்னு உங்க மாமா சொல்லியிருக்காரு.”

“மாமா இங்க அடிக்கடி வருவாரா?”

“வர்றதா? எனக்கே உக்கார எடமில்ல. போற வர்ற படகையெல்லாம் திட்டறதுக்குன்னே காலையில வந்துடறாரு.”

“நின்கேயில வருவாரா?”

அவர் தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “நின்கே இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷமாகப் போகுது. அதெல்லாம் அவரைக் கேளுங்க, நான் சொல்றதுக்கில்ல,” என்றார்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்கேயைப் பார்த்தேன், மாமா. கூரையில்லாத பின்தட்டும், அதில் அந்தப் பெரிய மரச் சக்கரமும். தார்ப்பாய்க்கு மேலே வாத்து கூடு கட்டியிருக்கிறது. கயிறு பாசியேறிப் பச்சையாக இருக்கிறது. உங்கள் காலில் பழுப்புநிறச் செருப்பு.

கேட்க நினைத்தேன். நீங்கள் ராணியின் தொப்பிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தீர்கள். கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

ஸீஸிக்டை வாங்கலாம் என்றுதான் இருக்கிறேன்.

டெஸ்மண்ட்

•

தெர்வோல்ட்
1993 செப்டம்பர் 3

டெஸ்மண்ட்,

இரண்டாவது பிஸ்கட் கொடுத்திருந்தால் நீ பழகிப்போயிருப்பாய்.

ஸீஸிக்டை வாங்காதே. அது போன பிறகு தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு வால் நீண்டுகொண்டே வருகிறது. எண்ணெய். எங்கேயோ கசிகிறது, ரொம்ப நாளாகக் கசிகிறது. பின்பக்கம் ஒரு சாண் அதிகமாகத் தாழ்ந்தும் இருக்கிறது. அடியில் தண்ணீர் நிற்காமல் அப்படித் தாழாது. படகில் நின்றுகொண்டு முன்னால் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. மேலே இருந்து பின்னால் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு பறவை சொன்னது.

அம்புரோஸ்

•

கெட்டரிங்
1993 செப்டம்பர் 14

அன்பு மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னதால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதகரை அனுப்பினேன். அவர் முதல் வேலையாகக் கம்பளத்தைப் பிரித்தார். கீழே இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததாம். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் ஒக்கிங்காவே “வேண்டாம், வேண்டாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். வெள்ளோட்டத்தின்போது நானே ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். தூக்கக் குனியவும் செய்தேன். அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியதைப் பிரிக்கக் கை வரவில்லை. கம்பளம் விற்காத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

ஆட்ரி பக்கத்து வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க ஆரம்பித்துவிட்டாள். கெடு முடிய ஒன்றரை மாதம். நான் பார்த்த படகுகளிலேயே நன்றாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது.

நின்கேயை எனக்குக் கொடுப்பீர்களா? விலை நீங்கள் வைப்பதுதான்.

டெஸ்மண்ட்

•

தெர்வோல்ட்
1993 செப்டம்பர் 19

டெஸ்மண்ட்,

நின்கேயை உனக்கா?

அதைவிட அந்த வாத்துக்கு எழுதிவைப்பேன். அது எந்த நாளும் நீச்சல் தெரியாமல் தண்ணீருக்கு வந்ததில்லை. நீ மாட்டைப் பிடிக்கிற மாதிரி சக்கரத்தைப் பிடிக்கிறாய். பாலத்தைக் கண்டதும் தலையைக் குனிகிறாய், முழுக்கத் தூக்கிய பாலத்துக்கு எந்த மடையன் குனிவான்? உன் அத்தை உயிரோடிருந்தால் உன்னைப் பக்கவாட்டில்கூட உட்கார விட்டிருக்கமாட்டாள்.

நின்கே என்னுடைய படகு. நான் ஓட்டுகிறேன். வருகிற வாரம்கூட அதில் டென்மார்க் வரை போய் மீன் வாங்கி வருவதாக இருக்கிறேன்.

போர்ன்மவுத்தில் வெயில் நன்றாக அடிக்குமாம். திரைச்சீலை உதவும்.

அம்புரோஸ்

•

கெட்டரிங்
1993 செப்டம்பர் 29

அம்புரோஸ் மாமாவுக்கு,

ரோசலிண்ட் எழுதுகிறேன். டெஸ்மண்டுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அவர் தோட்டத்தில் போய் நின்றவர் இன்னும் உள்ளே வரவில்லை.

எனக்குப் படகு பிடிக்காது, தண்ணீர் பிடிக்காது. உங்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆட்ரியின் பக்கத்தில் குடியிருக்கவும் பிடிக்காது, ஆனால் அதை இந்த வீட்டில் இதுவரை நான் சொன்னதில்லை.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வாசித்தேன். ஏப்ரலில் எழுதினீர்களே, படகு தானாகப் பாலத்துக்கு வந்தது என்று. டெஸ்மண்ட் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். கீழே விழுந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, “நாற்காலி தானா நகந்துடுச்சு சிஸ்டர்” என்று சொன்ன ஆண்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். டாக்டரிடமும் பெண்டாட்டியிடமும் அதையே சாதிப்பார்கள்.

உங்களிடம் ஒரே கேள்வி. படகு பாலத்துக்கு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பட்டாணி சூப் என்று எழுதினால் நாளைக்கே போர்ன்மவுத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். உண்மையை எழுதினால் டெஸ்மண்டைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். அவர் உங்கள் படகை ஓட்டட்டும், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து திட்டுங்கள். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் பார்த்துக்கொள்வதற்காக வரவில்லை. முப்பது வருஷம் பார்த்தாயிற்று.

மாத்திரை ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

ரோசலிண்ட்

•

தெர்வோல்ட்
1993 அக்டோபர் 12

ரோசலிண்டுக்கு (தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பவனுக்கு அல்ல),

இரண்டு மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ராத்திரி மாத்திரை கசக்கிறது, அதைப் பற்றி இதற்குமேல் கேட்காதே.

உன் கடிதத்துக்கு ஐந்து பதில் எழுதினேன். ஒன்றில் என்னைத் திமிங்கிலம் விழுங்கியிருந்தது. நல்ல கதை. கிழித்துப் போட்டேன். உன் புருஷனைத் திட்ட எனக்கு நாற்பது அகராதி போதாது, ஆனால் ஆட்ரிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டும் அளவுக்கு அவன் ஒன்றும் குற்றம் செய்யவில்லை.

நின்கேயின் விலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை கட்டும் பாலச் சுங்கம். கம்பளக்காரன் தனியாக அவளை ஓட்டிக்கொண்டு வீப்ரனின் பாலத்துக்கு வரவேண்டும். சக்கரத்தை விடாமல், தலை குனியாமல், மரச்செருப்பில் காசைப் போடவேண்டும். நான் மேலே இருந்து பார்ப்பேன். குனிந்தால் பேரம் ரத்து. பாலத்துக்கு இந்த வருஷம் இன்னும் கொஞ்ச நாள்தான் ஆள் இருக்கும், குளிர்காலத்தில் வீப்ரன் கழியை எடுத்துவைத்துவிடுவான். சீக்கிரம் வந்து சேருங்கள். வாத்துக்கு நான் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைக்கிறேன், ஆனால் அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

இனி நீ கேட்டது.

ஏப்ரலில் எழுதிய கதை முழுக்கப் பொய். கயிற்றை அவிழ்த்தது நான்தான். ஹாரன் அடித்ததும் நான்தான். அன்றைக்குப் பட்டாணி சூப் கிடையாது, முட்டைக்கோஸ். ஜெர்மன்காரர்கள் யாரும் வரவில்லை, வந்திருந்தால் நான் வழிவிட்டிருக்கவும் மாட்டேன். நின்கே காசும் போடவில்லை, சில்லறையும் கேட்கவில்லை. வீப்ரனோடு சண்டையும் இல்லை. அவன்தான் பாலத்திலிருந்து இறங்கி ஓடி வந்து, தண்ணீரில் குதித்து அவளைப் பிடித்துக் கட்டினான். டாக்டர் லத்தீனில் என்னவோ ஒரு பெயர் சொன்னார், இனிமேல் சக்கரத்தைத் தொடக்கூடாது என்பதை மட்டும் புரிகிற பாஷையில் சொன்னார்.

சுக்கானில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை. நான் பின்தட்டில் மல்லாந்து கிடந்தேன். கையை அசைக்க முடியவில்லை. தூக்கிய பாலம் வானத்தில் நின்றது. அங்கிருந்து ஒரு மரச்செருப்பு ஆடி ஆடி இறங்கி வந்து, என் முகத்துக்கு நேர் மேலே நின்று, காசுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

அம்புரோஸ்